கைராசிக்குக் கொடுத்த துப்பாக்கி

1

தென்னேரி முருகேசன் போன வாரம் வந்தார். மலாயாவில் இந்தப் பேராக் சீமையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருக்கு நிலம், இந்தப் பக்கம் எனக்கு. ஊரிலேயே இருந்திருந்தால் தென்னேரிக்காரரும் பிள்ளையார்பாளையத்துக்காரனான நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம். கடல் தாண்டிவிட்டால் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு தரம் நடந்தவன்கூட மாமன் மச்சான்தான்.

"அண்ணாத்தே, பன்னி தொல்லை தாங்கல. துப்பாக்கி ஒண்ணு வாங்கணும். வெலையும் கம்மியா இருக்கணும், குறியும் தப்பக்கூடாது. உங்களைக் கேட்டா சரியா சொல்லுவீங்கன்னாங்க" என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி குப்பம்மாள் குரல் கொடுத்தாள். "நல்ல ஆளைத்தான் புடிச்சீங்க. இவரே தகரம் தட்டி பன்னி வெரட்டிக்கினு இருக்காரு!"

முருகேசன் சிரித்துக்கொண்டே மேலே சொன்னார். "லைசென்ஸ் விசயமா உங்க மவன் வூட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து சுவத்துல ஒண்ணு மாட்டி வெச்சிருக்காரு பாருங்க, இன்னா அழகு! தாழ்ப்பா மாதிரி இழுத்துத் தள்ற ரகம். பழைய துரை ஊருக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனாராமே. அதுமாதிரி ஒண்ணு கெடச்சா போதும்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். "கட்டையில வலது பக்கம் கறுப்பா மச்சம் மாதிரி ஒரு முடிச்சு இருக்குதா?"

"ஆமா, இருக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பொறுக்கினதுபா அது."

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

2

பெரிய காஞ்சிபுரத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் இதைப் படிக்கிறவர்கள், துப்பாக்கி என்றதும் நான் இங்கே ஏதோ ஜமீன்தார் மாதிரி வாழ்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சீமைக்குப் போனவன் சீமான் என்பது, போகாதவன் சொன்ன பழமொழி.

ஊரில் நான் தறியில் உட்கார்ந்தவன் இல்லை. எங்கள் அப்பா நெய்தார், அண்ணன் நெய்தார், எனக்கு வாய்தான் நெய்தது. கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்களைத் தறி வீடுகளுக்கு அழைத்துப்போய், நல்லதை நல்லது என்றும் சொத்தையைச் சொத்தை என்றும் சொல்லிப் பொறுக்கிக் கொடுப்பது என் தொழில். பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் இருந்தவன் இல்லை. படிப்பு முழுக்க ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியது.

சண்டைக் காலத்துக்குப் பிறகு பட்டு படுத்துவிட்டது. ஒரு மூட்டைப் புடவையோடு பினாங்கில் வந்து இறங்கினேன். புடவை விற்றது, கடை வைத்தேன், கடை போனது. அந்தக் கதையெல்லாம் உங்களுக்கு வேறு பேர் வழியாக வந்திருக்கும். கடைசியில் காட்டோரமாக ஒரு துண்டு நிலம். ரப்பர் கன்று நட்டு, அது மரமாகும்வரை வயிற்றுக்கு மரவள்ளி நட்டோம்.

மரவள்ளி நட்டதுதான் தெரியும், காட்டுப்பன்றிகளுக்கு யார் தந்தி கொடுத்தார்களோ! சுற்றிலும் மலாய்க்காரர்கள். அவர்கள் பன்றியைத் தொடமாட்டார்கள். நாங்கள் சைவம். தொடுவாரில்லாத ஜாதியாக அது பெருகிக்கிடந்தது. கிழங்கைத் தோண்டுவதோடு விடாது, ரப்பர் கன்றையும் மூக்கால் நெம்பிப் போட்டுவிட்டுப் போகும். ஒரு கன்று போனால் அது பால் கொடுக்கும் வருஷங்கள் எல்லாம் அதோடு போயிற்று.

துப்பாக்கி வாங்கலாம் என்று சொன்னபோது குப்பம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயில்லா ஜீவனைச் சுட்டுட்டு எந்தக் கையால விபூதி இட்டுப்பீங்க? பெருமாளே எடுத்த அவதாரம் அது."

"அவரு பூமியைத் தூக்கினாரு. இது மரவள்ளியைத் தூக்குதே!"

சிரித்துவிட்டாள். சிரித்தவள் மறுநாள் காலையில் கெட்டிக் காப்பைக் கழற்றி என் மடியில் போட்டாள். "கன்னு பொழச்சா எனக்கு வேற காப்பு வாங்கிக் குடுங்க. போதும்" என்றாள். அந்தக் காப்பு அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

3

காசு இருந்தால் துப்பாக்கி வந்துவிடாது. ஜில்லா ஆபீசில் அனுமதி வேண்டும். நான் போய் நின்றேன். என்ன தொழில், என்ன பாஷை எழுதத் தெரியும், எதற்குத் துப்பாக்கி, உனக்கு யார் ஜவாப்தாரி என்று ஒரு தாளில் கேட்டார்கள். 'பட்டுப் புடவை பொறுக்கித் தருதல்' என்பதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் நுழைக்க முடியவில்லை. தமிழில் போட்ட கையெழுத்தைப் பார்த்து, புழு ஊர்ந்ததைப் பார்த்த மாதிரி முகம் வைத்துக்கொண்டான் அங்கிருந்தவன்.

அதே ஆபீசில்தான் என் மகன் ஏகாம்பரம் குமாஸ்தா. ஊர்த் தெய்வத்தின் பேரை ஆசையாக வைத்தேன். அங்கே அது 'ஆம்பர்' ஆகிவிட்டது. துரை கூப்பிடச் சௌகரியமாக இருக்கிறதாம். அவனை நான் இங்கிலீஷ் படிக்க வைத்தேன். அவன் படித்தான், நான் வெளியே நின்றுவிட்டேன். ஏறவிட்ட ஏணி எதிரிலேயே நின்றால் ஏறினவனுக்குக் கூச்சமாகத்தானே இருக்கும்?

"என் பேருல வாங்கினா உடனே ஆவும் நைனா. தோட்டத்துல வெச்சிக்கலாம்னு ஒரு வரி சேர்த்துடலாம்" என்றான்.

நல்ல யோசனையாகப் பட்டது. பிள்ளை பேரில் இருந்தால் என்ன, என் பேரில் இருந்தால் என்ன!

4

பினாங்கில் ஒரு சீனர் கடை. உள்ளே நின்று வியாபாரம் பேசியவர் நாகூர்ப் பக்கத்து ராவுத்தர். தன் பேரில் அனுமதி இருப்பதால் ஏகாம்பரமும் கூட வந்தான்.

முருகேசனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் இதற்கு உபயோகம் இல்லைதான், ஆனால் பொறுக்குகிற வித்தை எங்கே போனாலும் ஒன்று.

ராவுத்தர் முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று ஒன்று. இரும்பிலே கொடி, கட்டையிலே பித்தளைப் பூ. ஏகாம்பரம் அதை விட்டு நகரவில்லை.

"நைனா, இதைப் பாருங்களேன். துரை வெச்சிருக்கிறது மாதிரியே இருக்குது."

"முந்தானையைப் பார்த்து பொடவை எடுக்கிறவன் மூணாம் மாசம் அழுவான். அதைக் கீழ வை."

ராவுத்தர் சிரித்தார். "முதலியார் ஆளு கெட்டிதான். பட்டாளத்துத் துப்பாக்கியை வேட்டைக்குன்னு சிறுசாக்கி இழைச்சது ரெண்டு மூணு கெடக்கு. பூவும் கிடையாது, கொடியும் கிடையாது. பாக்குறீயளா?"

அதுதான் தாழ்ப்பாள் ரகம். பக்கவாட்டில் ஒரு பிடி. தூக்கி இழுத்தால் பழைய குண்டின் ஓடு வெளியே விழும். தள்ளி அமுக்கினால் புதுக்குண்டு உள்ளே போய் இறுகும். சிக்கலான பொறி ஏதும் இல்லை. ஏழை வாங்குகிற சாமானில் உறுப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

புடவையை மறுபக்கம் திருப்பி, கரையும் உடலும் சேருகிற இடத்தைப் பார்ப்பது என் பழக்கம். வாயால் சொல்லுகிற பொய்யை மறுபக்கம் சொல்லாது. அதுபோலத் தாழ்ப்பாளை உருவச் சொல்லிவிட்டு, குழாயைப் பின்னாலிருந்து வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் துப்பாக்கிக்கு உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழி. இரண்டாவதற்குக் குழாய் சுத்தம், ஆனால் வாய் விளிம்பில் எங்கோ இடித்த பொக்கை. வாய் கோணினால் குண்டும் கோணும் என்று ராவுத்தரே ஒப்புக்கொண்டார். தாழ்ப்பாளில் ஒரு நம்பர், குழாயில் வேறு நம்பர். ஜோடி மாறின சோமன் வேட்டியைக் கல்யாணத்துக்கு எடுப்போமா? அதையும் தள்ளினேன்.

மூன்றாவது பார்வைக்கு ஒன்றுமில்லை. கட்டையில் ஒரு கறுப்பு முடிச்சு, அதனால் விலையும் இறங்கியிருந்தது. ஆனால் உள்ளே கண்ணாடி. நம்பர் எல்லாம் ஒன்று. கட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பார்த்தேன், தடையில்லாமல் ஓடிற்று. இந்த ஊர் மழையில் கட்டை ஊதிக் குழாயை நெட்டினால் குறி இடம் மாறிவிடும் என்றார் ராவுத்தர்.

"குண்டு இங்க எல்லாக் கடையிலயும் கெடைக்குமா?" என்றேன்.

"இந்த ரகத்துக்குக் கெடைக்கும். அந்தப் பித்தளைப் பூவுக்குச் சீமையிலேருந்து வரணும்."

ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதை வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன். ஊருக்கு வெளியே கல் உடைக்கிற பள்ளத்துக்கு அழைத்துப்போய், ராவுத்தர் மணல் மூட்டைமேல் சாய்த்து வைத்து மூன்று குண்டு சுட்டுக் காட்டினார். மூன்று ஓட்டையையும் ஒரு வெற்றிலையால் மூடலாம்.

"எடுங்க" என்றேன்.

"ஏன் நைனா இந்த மொட்டைக் கட்டையை..." என்று ஏகாம்பரம் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

5

இனிமேல் சொல்லப்போவது உங்களுக்கு உடனே புரியும். இங்கே உள்ளவர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது.

கல்யாணப் புடவை எடுத்தால் பெண்ணின் கையில் நேரே கொடுப்போமா? கைராசிக்காரர் ஒருவர் கையில், தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு வைத்துக் கொடுப்போம். அவர் பிரித்துப் பார்ப்பார், "நல்லா இருக்கட்டும்" என்பார், மடித்துத் திரும்ப அதே தட்டில் வைப்பார். நம் தெருவில் அப்படி எத்தனை பேர் கையில் எத்தனை புடவை போய் வந்திருக்கும்! ஒருவராவது மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது உண்டா?

துப்பாக்கிக்கும் முதல் வெடி ஒரு நல்ல கையால் ஆகட்டும் என்றாள் குப்பம்மாள். கடைக்காரர் சுட்டது கணக்கில் வராது, கடைக்காரர் பிரித்த புடவை மாதிரி.

"துரையைக் கூப்பிடட்டுமா? அவரு சுட்டா குறி தப்பாது" என்றான் ஏகாம்பரம்.

ஜில்லா துரை நம் வீட்டு வாசலுக்கு வருவாரா என்று எனக்கும் ஒரு சபலம். வருகிறேன் என்றாராம். ஒரு மத்தியானம் மோட்டாரில் வந்தார். குப்பம்மாள் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், எலுமிச்சம்பழம் எல்லாம் பரப்பி, நடுவில் துப்பாக்கியை வைத்து, கட்டைக்கு மஞ்சள் தடவி, குழாயில் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தாள். நான் இரண்டு கையாலும் நீட்டினேன்.

துரை என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்து என்னவோ கேட்டார். ஏகாம்பரம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு இங்கிலீஷில் சொன்னான். அந்தப் பேச்சில் எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்று, 'பிரசெண்ட்'. பட்டணத்து வக்கீல் வீட்டுக்காரர்கள் "பிரசெண்ட் பண்ண ஒரு பொடவை வேணும்" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா?

மகனைப் பார்த்தேன். அவன் துரையின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, அந்த மனிதர் கண்ணில் நிஜமான சந்தோஷம். என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். வேலிக் கட்டைமேல் வைத்த மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சுட்டார், அது பறந்தது. இன்னொரு தரம், இன்னொரு தரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு துரையோடு வந்த டவாலிக்காரன் மல்லிகையைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுத் துப்பாக்கியை மோட்டாரில் வைத்தான்.

வாயைத் திறந்திருக்கலாமே என்பீர்கள். திறந்தால் என்ன வரும்? துரைக்கு எதிரில் என் பிள்ளை பொய்யன் என்று வரும். அவன் சோறு அங்கே. மோட்டாரின் புழுதி அடங்கும்வரை கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

"இன்னாடா சொன்ன?" என்று குப்பம்மாள்தான் கேட்டாள்.

"நான் இன்னா சொல்லட்டும்? தட்டுல வெச்சி, பூ சுத்தி, ரெண்டு கையால நீட்டிட்டு, சுட்டுட்டுத் திருப்பிக் குடுன்னு சொல்லணுமா? அவங்க ஊருல அப்படி ஒரு வழக்கம் கெடையாதும்மா."

"நம்ம வழக்கத்தை எடுத்துச் சொல்லத்தானே உன்னைப் படிக்க வெச்சோம்?"

"சொன்னா சிரிப்பாங்க."

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்சானாம். என் காப்புடா அது!" என்றாள். அப்புறம் அவனோடு வெகு நாள் பேசவில்லை.

6

அந்த வருஷமே ஏகாம்பரம் பெரிய குமாஸ்தா ஆனான். டவுனில் சர்க்கார் வீடு கிடைத்தது. துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவன் சொல்கிறான். இருக்கலாம்.

துரை நன்றி மறக்காதவர். ஒரு நாள் டவாலிக்காரன் வாழையிலையில் பெரிய பொட்டலம் கொண்டுவந்தான். உங்கள் துப்பாக்கியால் துரை சுட்டது என்றான். பிரித்தால் மான் தொடை! சைவ வீட்டு வாசலில், ரத்தம் சொட்டச் சொட்ட. குப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அதை டவுன் சீனர் கடைக்கு அனுப்பிவிட்டு, வாசலெல்லாம் சாணம் தெளித்தாள். "குறி நல்லாத்தான் இருக்குது. நீங்க பொறுக்கினது பொய்க்கல" என்றாள். அவள் சொன்னது பாராட்டா, சாட்டையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இன்னொன்று வாங்கக் காசும் இல்லை, காப்பும் இல்லை. ஒரு பேருக்கு ஒன்றுதான் என்றார்கள் ஆபீசில். சாயங்காலமானால் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் தகரம் தட்டுவோம். முதலில் பன்றிகள் பயந்தன. பிறகு பழகிவிட்டன. கோயில் மேளம் கேட்டுப் பிரசாதத்துக்கு வருகிறவர்கள் மாதிரி தகரச் சத்தம் கேட்டால் வருகின்றன. நிலத்தில் பாதியை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டோம். மீதிப் பாதியில் நிற்கிற கன்றுகள் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தால் பால் வெட்டலாம். பிடிக்காவிட்டால் இந்த வயதில் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான், துரை கப்பலேறிவிட்டார், துப்பாக்கி மகன் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது என்று முருகேசன் சொன்னதும் நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தது. மகன் இதை எங்களுக்குச் சொல்லவில்லை.

"போங்க. போய்க் கேளுங்க. இப்போ துரையும் இல்ல, பயமும் இல்ல. வூட்டுக்கு வந்த பொருள்தானே?" என்றாள் குப்பம்மாள்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். அங்கே விருந்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் நாற்காலிகள். சுவரில் அது தொங்கியது, பக்கத்தில் துரையின் படம். கிட்டே போய்க் கையை நீட்டினேன். பேத்தி ஓடி வந்தாள்.

"தொடாதீங்க தாத்தா. டாடி திட்டுவாங்க. துரை தாத்தா குடுத்தது."

எனக்கு இருக்கிற ஒரே பேத்தி. அவளுக்கு இப்படி ஒரு துரை தாத்தா இருக்கிறது எனக்குத் தெரியாது.

ஏகாம்பரத்தைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்க் கேட்டேன். "அதை எடுத்துக்கினு போறேன்பா. கன்னு இன்னும் நிக்குது. இந்த மழைக்குள்ள பன்னியை வெரட்டிட்டா போதும். அம்மா கேட்டு அனுப்பிச்சா."

"சரி நைனா. விருந்து முடியட்டும், எடுத்துத் தரேன்" என்றான். குரலில் பொய் இல்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அவன் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டேன்.

ஆட்கள் வந்தார்கள். புதுத் துரைக்கு உதவியாக வந்திருக்கும் இளம் வெள்ளைக்காரர், பாங்கிச் சீனர், யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள். எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தான், மூலையில். அது பெரிய காரியம், மறைக்கவில்லை. வெள்ளைக்காரர் துப்பாக்கியைச் சுட்டி ஏதோ கேட்டார். ஏகாம்பரம் எழுந்து நின்று கதை சொல்ல ஆரம்பித்தான். பழைய துரையின் பேர் வந்தது, கையைக் குலுக்கிக் காட்டினான், எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளைக்காரர் நம்பாதவர் மாதிரி புருவத்தைத் தூக்கி இன்னொரு கேள்வி கேட்டார். ஒரு குமாஸ்தாவுக்குத் துரை இவ்வளவு நல்ல சாமானைக் கொடுப்பாரா என்று கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஏகாம்பரத்தின் முகம் கறுத்தது. கூடத்தில் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"துரை எனக்குக் குடுத்ததுதானே நைனா? நீங்களே சொல்லுங்க, இவங்களுக்கு."

இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தேவையில்லை. தலையை இப்படி அப்படி அசைத்தால் போதும், சீனருக்கும் வெள்ளைக்காரருக்கும் புரியும். அப்படி அசைத்தால் நாளைக் காலை ஆபீசில் என் பிள்ளை எந்த முகத்தோடு உட்காருவான்? ஆமாம் என்றால் குப்பம்மாளிடம் எந்த முகத்தோடு போவேன்? இரண்டு முகத்தில் ஒன்றைப் பொறுக்க வேண்டும். பொறுக்குகிற தொழில்காரன் நான்.

"ஆமா. துரைதான் குடுத்தாரு" என்றேன்.

ஏகாம்பரம் அதை மொழிபெயர்த்தான். இந்தத் தரம் ஒரு வார்த்தை மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாடி டம்ளரைத் தூக்கினார்.

விருந்து முடிவதற்குள் எழுந்தேன். வாசலில் பூட்ஸ்களுக்கு நடுவே என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் பின்னாலேயே வந்தான். கண் கலங்கியிருந்தது.

"நைனா, துப்பாக்கி கேட்டீங்களே. இருங்க, எடுத்தாரேன்."

"துரை உனக்குக் குடுத்ததை நான் எப்படிப்பா கேக்கறது?" என்றேன்.

செருப்பு கிடைத்தது. போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.